கைப்பொருளும் கணக்கேடும்

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று விடை எழுதும் குழந்தைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் எங்கும் உண்டு. அவர்களைக் கவனமற்றவர்கள் என்று கடிந்துகொள்வது அறமன்று. இரண்டிலிருந்து ஏழு போகாது; ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என எழுதுகிறார்கள். நான்கிலிருந்து ஒன்று போக மூன்று என முடிக்கிறார்கள். தமக்குத் தெரிந்த விதியை அவர்கள் ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார்கள். 42இல் நிற்கும் 4, நாற்பதைக் குறிக்கிறது என்பது மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. அதை விளங்கவைக்காமல் விதியை மட்டும் ஒப்பிக்கச் செய்தது பெரியவர்களாகிய நமது குறை.

இக்குறை சிறியதன்று. கல்வி நிலை பற்றிய 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வறிக்கைப்படி, இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 33.7 விழுக்காட்டினரே இத்தகைய ஈரிலக்கக் கழித்தலைச் செய்ய வல்லவர்களாக இருந்தனர். 2022இல் இந்த அளவு 25.9 விழுக்காடு. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மூவரில் இருவர் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர் என்ற உண்மையை அம்மகிழ்ச்சி மறைத்துவிடலாகாது.

அதே கணக்கை ஈர்க்குச்சிகளைக் கொண்டு செய்து பார்க்கட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் ஒரு சிறுமியின் முன் இருக்கின்றன. பதினேழு குச்சிகளை எடுத்துத் தரச் சொல்கிறார் ஆசிரியை. ஒரு கட்டை எடுத்துக் கொடுக்கிறாள். இன்னும் ஏழு வேண்டும். கையில் உதிரியாக இருப்பவை இரண்டே. சற்றுத் தயங்கியபின் ஒரு கட்டை அவிழ்க்கிறாள். பன்னிரண்டு உதிரிகளாகின்றன. ஏழை எண்ணிக் கொடுத்தபின் இரண்டு கட்டுகளும் ஐந்து குச்சிகளும் எஞ்சுகின்றன. விடை 25. கட்டை அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தேவையே சொல்லித் தந்தது.

இவ்வழி நமக்குப் புதியதுமன்று. 1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், ஒரு மணி, பத்து மணிக் கோவை, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் எனக் குழந்தையின் உள்ளங்கையிலேயே பதின்ம முறையை வைக்கும் கல்வியை இம்மண்ணின் ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளிலேயே தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆடல், பாடல், செயல்பாடு ஆகியவற்றையே அடித்தளமாகக் கொண்டது. நல்ல கொள்கைக்கு இங்கே பஞ்சம் இல்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பொருளைக் கையில் கொடுத்த அளவிலேயே கணிதம் வந்துவிடும் என்று எண்ணுவது பிழை. தில்லியின் 214 முன்பருவப் பள்ளிகளில் எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய அறிஞர்கள் எண் விளையாட்டுகளின் பயனை ஆராய்ந்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு சிந்தனைக்குரியது: குழந்தைகளின் இயல்பான எண்ணுணர்வு வளர்ந்தது, நிலைத்தும் நின்றது, ஆனால் பள்ளிக் கணிதத்தில் அவர்களுக்கு நீடித்த பயன் கிட்டவில்லை. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரைப் பற்றி 2025இல் வெளிவந்த ஆய்வும் இதையே வேறு முகமாகக் காட்டிற்று. வாடிக்கையாளருக்கு விலையும் மீதமும் மனக்கணக்காகச் சொன்ன அவர்கள், தாளில் எழுதித் தந்த எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிக்கு மட்டுமே சென்ற பிள்ளைகளோ தாளில் வென்று சந்தைக் கணக்கில் தோற்றனர். கையறிவும் ஏட்டறிவும் தாமாக ஒன்றுகூடுவதில்லை. கூட்டுவிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

அந்த இணைப்பே கணித வகுப்பின் உயிர். சிறுமி கட்டை அவிழ்க்கும் அதே கணத்தில், ஆசிரியை கரும்பலகையில் 4ஐ அடித்து 3 என்றும், 2ஐ 12 என்றும் எழுத வேண்டும். தான் செய்ததும் பலகையில் எழுதப்பட்டதும் ஒன்றே என்பதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். மறுநாள் குச்சிக்குப் பதிலாகக் கோடும் புள்ளியும் வரைந்து அதே கணக்கைச் செய்யட்டும். அதன்பின் எண் மட்டும் போதும். இடறும் குழந்தை தயக்கமின்றி மீண்டும் குச்சிக்குத் திரும்பலாம். செயல், படம், குறியீடு என்று உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் வகுத்த இம்மூன்று படிகளைத்தான் சிங்கப்பூர் தன் தொடக்கக் கணிதத்தின் முதுகெலும்பாக்கிக்கொண்டது. முதற்படியோடு நின்றால் வகுப்பு வெறும் விளையாட்டாகும்; மூன்றாம் படியிலிருந்தே தொடங்கினால் வெறும் மனப்பாடமாகும்.

இதற்குக் காலம் வேண்டும். ஒருவரோ இருவரோ ஐந்து வகுப்புகளையும் தாங்கும் பள்ளிகளில் அக்காலம் எங்கிருந்து கிட்டும்? வகுப்பு நேரத்தை இணையப் பதிவேற்றங்கள் விழுங்குமாயின், குழந்தையின் அருகே அமர்ந்து 'எப்படிச் செய்தாய்?' என்று யார் கேட்பர்? தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பதை அரசு இலக்காக ஏற்க வேண்டும். பதிவேற்றப் பணிகளை ஆசிரியர் தோளிலிருந்து இறக்க வேண்டும். குறுவள மையப் பயிற்சிகள் கருவிகளைக் காட்சிப்படுத்துவதோடு அமையாமல், பொருளிலிருந்து குறியீட்டுக்கு நகரும் நுட்பத்தை ஆசிரியர்களே செய்து பழகும் களமாக வேண்டும். உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற அச்சத்தால் கணித உபகரணப் பெட்டி அலமாரியில் உறங்கும் நிலை எங்கிருந்தாலும் அது முடிவுக்கு வர வேண்டும். தேய்ந்து உடைந்த கருவி, பள்ளி ஒழுங்காக நடைபெற்றதற்குச் சான்று என்று ஆய்வு அலுவலர்கள் கொள்வாராக.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. குறிப்பேட்டில் எத்தனை பக்கம் நிரம்பிற்று என்று அளப்பதை விடுத்து, புளியங்கொட்டைகளைப் பரப்பி, செய்த கணக்கை விளக்கச் சொல்லிக் கேட்கட்டும். விளக்க முடிந்த கணக்கே குழந்தைக்குச் சொந்தமான கணக்கு.

ஏழு, எட்டு வயதில் 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒதுங்கும் குழந்தை, அறிவியலின் கதவுகள் பலவற்றைத் தானே சாத்திக்கொள்கிறது. வீட்டில் கற்பிக்க ஆளில்லாத ஏழைக் குழந்தைக்கு அவற்றைத் திறந்துவிடும் இடம் அரசுப் பள்ளி ஒன்றே. ஆகவே இது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று. சமூக நீதி பற்றிய வினாவுமாகும். திட்டங்களுக்குப் பெயர் சூட்டும் ஆர்வத்தை, அவற்றை நடத்தும் ஆசிரியர்க்கு நேரமும் துணையும் தருவதிலும் அரசு காட்டட்டும்.