ஒரே தட்டு, இரண்டு விலை

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டாலிங் ஜெயாவில் பழம்பொருள் சந்தைக்குப் போன அண்ணன் மகன் அங்கிருந்தே போன் செய்தான்.

"சித்தப்பா, ஜான் மேயால், எரிக் கிளாப்டன் சேர்ந்து வாசிச்ச தட்டு ரெண்டு இருக்கு. ஸ்டீரியோ நூத்தி இருபது வெள்ளி. மோனோ அறுநூறு சொல்றாரு. தலைகீழா இருக்கே?"

அறுநூறு வெள்ளி அவனுக்கு ஒரு மாதக் கார் தவணை. "பணத்தை எடுக்காதே. அட்டையில் என்ன எண்?" என்றேன். ஒன்றில் எல்.கே. 4804, இன்னொன்றில் எஸ்.கே.எல். 4804. சரிதான், முதலாவது மோனோ.

தலைகீழ் ஒன்றுமில்லை. அந்தத் தட்டை டெக்கா நிறுவனம் 1966 ஜூலையில் பிரிட்டனில் மோனோவாகத்தான் வெளியிட்டது. ஸ்டீரியோ வந்தது 1969-இல். அன்று இளைஞர்கள் வீட்டில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கி. அதற்காகத்தான் மெனக்கெட்டுக் கலவை செய்தார்கள். கிளாப்டன் மேடையில் வாசிப்பதுபோலவே ஸ்டூடியோவிலும் மார்ஷல் பெட்டியை அலறவிட்டார். மோனோவில் அந்தக் கித்தாரும் டிரம்மும் ஒரே வாசலில் முட்டிமோதிக்கொண்டு வருகின்றன. ஸ்டீரியோவில் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது, முட்டல் போய்விடுகிறது. என் காதுக்கு அது நஷ்டம்.

ஸ்டீரியோ என்று அட்டையில் இருந்தாலே நம்பிவிடவும் கூடாது. 1968 வாக்கில் அமெரிக்க நிறுவனங்கள் மோனோவைக் கைவிட்டபோது, பழைய மோனோ பதிவுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்றன. கனத்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார்கள். ஹவ்லின் வுல்ஃபின் ஐம்பதுகளின் பாடல்களும் இதற்குத் தப்பவில்லை. அப்பேர்ப்பட்ட குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். "எலக்ட்ரானிக்" என்ற சொல் அட்டையில் எங்காவது பொடி எழுத்தில் தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

அதற்காக மோனோதான் உசத்தி என்று சண்டைக்கு வருபவன் அல்ல நான். மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' 1963-இல் பதிவாகி 1964-இல் வந்தது. மின்சாரக் கித்தார் இல்லை. பக்கத்தில் இளைஞர் பட்டி கை, பின்னால் வில்லி டிக்சனின் பேஸ், கிளிஃப்டன் ஜேம்ஸின் அடக்கமான டிரம். இடைவெளிதான் அந்தத் தட்டின் அழகு. அதை நான் ஸ்டீரியோவில்தான் கேட்பேன். ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் புளூஸ்' (1965) இரண்டு விதத்திலும் வந்தது. எது மலிவோ அதை வாங்கலாம். (அந்தப் பதிவின் நடுவில் பட்டி கையின் ஆம்ப் மக்கர் செய்ய, கித்தாரை ஆர்கனின் லெஸ்லி பெட்டியில் இணைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சுழலும் ஒலி தட்டில் அப்படியே இருக்கிறது.)

மோனோ தட்டுக்குத் தனி முள் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. மோனோ பள்ளத்தில் ஒலி பக்கவாட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரு சுவரிலும் தனித்தனி ஒலி. முள் மேலும் கீழும்கூட ஆட வேண்டும். ஸ்டீரியோ முள்ளால் மோனோ தட்டைக் கேட்கும்போது, அந்த மேல்-கீழ் ஆட்டத்தில் வருவது தூசும் கீறலும்தான். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள், பொரியும் சத்தம் பாதி அடங்கும். ஆனால் பழங்கால மோனோ முள்ளை ஸ்டீரியோ தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மேலும் கீழும் வளையத் தெரியாத அந்த முள், பள்ளத்தையே உழுதுவிடும்.

தம்பிக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதே மோனோ தட்டு ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. அண்ணனுடையது. 1989-இல், புது ஸ்டீரியோ செட் வாங்கிய மிதப்பில், "பழைய சத்தம்" என்று சொல்லி அவரைக் கேட்காமலே அதைப் பத்து வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன். அண்ணன் அன்று திட்டவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான்.

"மோனோவையே எடு. பாதிப் பணம் நான் தருகிறேன்" என்றேன்.

அன்று மாலை அண்ணன் வீட்டில் வைத்துப் போட்டோம். அண்ணன் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் எழுந்து வந்தார். அட்டையைக் கையில் எடுத்து, திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

"நம்ம தட்டா இது?" என்றார்.