நாய்க்கு வடை, பூனைக்குப் பால்

முதலியார்பேட்டைத் தெருவில் அஷ்டமிதோறும் பைரவர் வாகனமென்று நாய்க்கு வெங்காய வடை போடுகிறார்கள். வெங்காயமோ நாயின் இரத்த அணுக்களை அழிப்பது. புண்ணியம் யாருக்கு, நோய் யாருக்கு?

பூனைக்குப் பாலே ஆகாரமாம்! வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சலே மிச்சம். மாமிச பட்சிணியைத் தயிர்ச்சோற்றால் சைவமாக்கினால் கண்ணும் இருதயமும் கெடும்.

"கறி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும்" என்பதோ ஆளைக் கொல்லும் புளுகு. வெறிநோய் சோற்றால் வருவதல்ல. வெறிகொண்ட பிராணியின் எச்சிலிலுள்ள கிருமியால் வருவது. "தயிர்ச்சோற்று நாய்தானே" என்று கடியை அலட்சியம் செய்தவனுக்கு நோய் கண்டபின் பிழைக்க வழியுண்டா? பிரெஞ்சுக்காரர் பாஸ்டர் 1885-லேயே தடுப்பூசி போட்டுக் காட்டினார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் இன்னும் மந்திரித்த கயிறா? கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சோறு போடுகிற கை, நாய்க்கு ஊசியும் போடுவிக்கட்டும். அதுவே ஜீவகாருண்யம்.