மண் கேட்கும் வாய்

என் பையில் பலப்பம் காணாமல் போய்க்கொண்டே இருந்த வருஷம் எனக்கு எட்டு வயது. பக்கத்துப் பையன்மேல் சந்தேகப்பட்டுச் சண்டைகூடப் போட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சித்தி, கிணற்றடியில் உட்கார்ந்து அதை நறுக் நறுக்கென்று கடிப்பதை ஒரு மத்தியானம் பார்த்துவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதடா கண்ணு" என்றாள். மறுநாள் நாலணாவுக்கு நானே வாங்கி வந்து கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் பாட்டி சிரித்தாள்: "மசக்கைக்காரி வாய் அப்படித்தான். உங்க அப்பன் வயித்துல இருந்தப்ப நான் அடுப்புச் சாம்பலைத் தின்னேன்."

இந்த ஆசைக்கு 'வயவு' என்று பழைய பெயர் உண்டு. புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரனைப் புகழ்கிறார்: உன் மண்ணைச் சூல்கொண்ட பெண்கள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டு, பகைவர் வாய் அதில் படாது. அபாரமான புகழ்ச்சி. புலவர் மன்னிக்கட்டும், எனக்கு அரசனைவிட அந்தப் பெண்களின் ரத்தத்தைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது.

மருத்துவர்கள் இதைப் 'பைகா' என்கிறார்கள். கண்டதையும் கொத்தித் தின்னும் என்று பெயர் வாங்கிய ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ் கட்டி என்று ஆளுக்கொரு ஆசை. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வருகிறது. ஐஸ் கட்டி ஆசை, உடம்பில் இரும்பு ஏறத் தொடங்கியதும் பலருக்குச் சீக்கிரமே விட்டுப்போகிறது. செம்மண்ணில் இரும்பு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. களிமண் சோற்றில் இருக்கிற இரும்பையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்குப் புழுமுட்டையும், இடத்தைப் பொறுத்து ஈயமும் உள்ளே போகும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்து மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று பல அட்டைகள் அலமாரியிலேயே கிடக்கின்றன. காபியோடு விழுங்கினால் அதுவும் வீண்.

அந்த மாதங்களில் சித்திக்கு எடை பார்த்தார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். சோறு தவிர வேறு எதையாவது வாய் கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் மாசமாக இருக்கிற பெண்ணிடம் இன்றைக்கே கேளுங்கள். சிரிக்காமல், திட்டாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.