உறங்காத ஓட்டுநரும் நமது பொறுப்பும்

திருமணத்திற்கோ, நாகூர், ஏர்வாடி ஸியாரத்திற்கோ, உம்ரா செல்லும் உறவினரை வழியனுப்பவோ வேன் பேசும்போது நாம் எவற்றையெல்லாம் பேசுகிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கிலோமீட்டருக்கு என்ன வாடகை, ஓட்டுநர் படி எவ்வளவு, சுங்கக் கட்டணம் யாரைச் சேர்ந்தது என்பனவற்றைக் காசு பிசகாமல் பேசித் தீர்க்கிறோம். அந்த ஓட்டுநர் முந்திய இரவு உறங்கினாரா, போய்ச் சேர்ந்தபின் எங்கே படுப்பார் என்று கேட்போர் மிக அரிது.

கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ சென்னை விமான நிலையத்திற்குப் புறப்பட்டால் இரவு முழுவதும் பயணம். வண்டியிலிருப்போர் உறங்குகின்றனர். விடிந்ததும் வழியனுப்பிவிட்டு, உறவினர் வீட்டில் பகலுணவும் உண்டு, இன்றே ஊர் திரும்பிவிடலாம் என்று அதே ஓட்டுநரை எழுப்புகின்றனர். அவர் தூக்கமே அறியாதவர் என்று பெருமையாகவும் பேசிக்கொள்கின்றனர்! சிறுதூக்கமும் பெருந்தூக்கமும் தீண்டாதவன் அல்லாஹ் ஒருவனே என்று ஆயத்துல் குர்ஸியில் நாள்தோறும் ஓதுகின்ற நாம் பேசத்தக்க பேச்சா இது?

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. இரவெல்லாம் பயணம் செய்து, உறக்கம் மேலிட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணத்தை நிறுத்தினார்கள். பஜ்ருக்கு எழுப்பும் காவற்பணி ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் விழித்திருந்து தொழுதார்கள், வைகறை நெருங்கவே கிழக்கு நோக்கித் தம் ஒட்டகத்தில் சாய்ந்தார்கள், கண் அயர்ந்தார்கள். வெயில் சுட்ட பிறகே எல்லோரும் எழுந்தனர். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்னும் கருத்தில் பிலால் (ரலி) அவர்கள் பதில் கூற, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தண்டிக்கவில்லை. பாங்கொலிக்கே பெயர்பெற்ற அந்த உத்தமரையே வென்ற உறக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓர் எளியவரை விட்டுவிடுமா? அங்கே தவறியது ஒரு தொழுகை. அது களாவாக நிறைவேற்றப்பட்டது. வேனில் தவறும் உயிர்களுக்குக் களா ஏது?

தொழுகையில் தூக்கம் வந்தால், அது தெளியும்வரை படுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வணக்கத்திற்கே இந்த விதி என்றால், சாலைக்குச் சொல்லவும் வேண்டுமா?

நாட்டின் சட்டமும் இதனைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்திற்குமேல் தொடராதபடி அரைமணி ஓய்வு, ஒருநாள் பணிக்கும் மறுநாள் பணிக்கும் இடையே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்று வகுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களையே அச்சட்டம் தழுவியது. ஒற்றை வேன் வைத்துப் பிழைப்பவரை, நாம் வாடகைக்கு அமர்த்துகிறவரை, அது எட்டவேயில்லை. அங்கே இருந்த காவல் நம் இறையச்சம் ஒன்றுதான்.

அவர் சம்மதித்துத்தானே வந்தார் என்பீர்கள். வாடகையை விட்டால் அடுப்பெரியாது என்பவரின் சம்மதம் எத்தகையது என்பதை நீங்களே அறிவீர்கள். பணியாளர்மீது சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்பது அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீதின் கருத்து. நெடும்பயணத்தில் அந்த உதவி இரண்டாவது ஓட்டுநர்தான்.

உறங்குகிறவர் புரண்டு இன்னொருவர்மீது விழுந்து அவர் இறந்தால், அதனைத் தவறுதலான கொலையோடு ஒப்பவைத்து தியத்தும் கஃப்பாராவும் உண்டு என்கின்றன ஹனபி பிக்ஹு நூல்கள். வண்டியில் கண்ணயர்ந்தவரின் நிலையும் இதற்கு மிக நெருங்கியதென்பது என் கருத்து. அவரை உறங்கவிடாமல் விரட்டியவர்மீது நூல்கள் தியத் விதிக்காமல் போகலாம். மறுமை விசாரணை அந்நூல்களோடு முடிந்துவிடுவதில்லையே!

நோன்பு காலத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஸஹரும் தராவீஹும் இரவைக் குறைத்துவிடும். பயணிக்கு நோன்பை வேறு நாட்களில் நோற்கத் திருக்குர்ஆன் அளித்த சலுகையை ஓட்டுநர் ஏற்றால், அவரை ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

செலவு கூடும் என்பது மெய்தான். கல்யாண விருந்தில் ஒரு பதார்த்தத்தைக் குறைத்தால் இன்னோர் ஓட்டுநரின் கூலி கிடைத்துவிடும்; போய்ச் சேருமிடத்தில் ஒரு பாயும் மின்விசிறியும் உள்ள அறையைக் கேட்டு வாங்குவது கடினமன்று. இவற்றை வேன் பேசும் நாளிலேயே பேசி முடியுங்கள். புறப்படும் இரவில், பெண்களும் குழந்தைகளும் ஏறி அமர்ந்த பிறகு கேட்டால், ஓட்டுநர் உங்கள் முகத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை பாய், போகலாம்" என்றே சொல்வார்.