பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ



போன மாதம் என்ர காரின்ர முன் சில்லில சத்தம். யாழ்ப்பாணத்தில கம்பனி சேர்விஸுக்குக் கொண்டுபோனன். சொக் அப்சோபர் ரெண்டையும் மாத்தினதெண்டு பெரிய பில் தந்திச்சினம். திரும்பி வரேக்க, நாவற்குழிப் பாலம் தாண்ட முன்னமே அதே சத்தம். போன் எடுத்துப் பழைய சாமானைக் கேட்டன். "அது எறிஞ்சாச்சு சேர்" எண்டிச்சினம். கடைசியில எங்கட ஊர்க் கராஜ் அண்ணை சில்லுப் பெயரிங்கைக் கழட்டி, கையில சுத்திக் காட்டினார். அதுதான் பிழை.

பிழையைக் கண்டுபிடிக்கத் தவறுறது ஆருக்கும் நடக்கும். ஆனால் காரை நம்பிக் குடுக்கிறது ஒரு அமானிதம். என்ன செய்தம் எண்டு காட்டாமல் காசு வாங்கிறது சரியில்லை.

2020 மார்ச்சில நிப்பாட்டின கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவை. புதுக் கார் எங்கட சம்பளத்துக்கு எட்டாது. பழசைத் திருத்தித் திருத்தித்தான் ஓடுறம். அதால கேக்க வெக்கப்படாதேங்கோ. வேலை தொடங்க முன்னம் செலவை எழுதி வாங்குங்கோ. மாத்தின சாமானைக் கையில வாங்குங்கோ. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரத்தான் வேணும். முறைப்பாட்டை மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும். அவையின்ர இலக்கம் 1977.

நான் எழுதிக் குடுத்திட்டன். நீங்களும் பேசாமல் இருக்காதேங்கோ.