பரிசில்லா ஓட்டம்

உடலோம்பலும் கல்வியின் ஒரு கூறே என்பதை நம் கல்விக் கூடங்கள் ஏட்டளவில் மறுப்பதில்லை. எனினும், ஆண்டுதோறும் நிகழும் விளையாட்டு விழாவை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஓடுவோர் பதின்மர், மேடையேறுவோர் மூவர், ஏனையோர் அனைவரும் பந்தலின் கீழ் அமர்ந்து கைதட்டுவோர். இம்முறை சரிதானா என்னும் ஐயத்தை எம்முள் எழுப்பியது, சில ஆண்டுகளுக்கு முன் யாம் ஓடி முடித்த ஓர் அரை மாரத்தான் ஓட்டமாகும்.

யாம் ஓட்டக்காரர் அல்லேம். பள்ளிப் பருவத்தில் ஒரு பந்தயத்தில் கடைசியாக வந்து, கூடியிருந்தோர் சிரிக்கக் கேட்ட நாளோடு ஓட்டத்திற்கு விடை கொடுத்துவிட்டோம். நாற்பது வயதைக் கடந்தபின், குருதியில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்தபோதுதான் எமக்குக் கால்கள் இருப்பது நினைவுக்கு வந்தது.

அப்போது காலாப்பட்டில் குடியிருந்தோம். புதுவை நகருக்கு வடக்கே, கடலோரத்தில், புதுவைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் அது. மீனவர் படகுகள் கரை திரும்பும் விடியற்பொழுதில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக ஓடத் தொடங்கினோம். முதல் நாள் ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் மூச்சு முட்டியது. தேநீர்க் கடைப் பெரியவர், "பஸ்ஸை விட்டுட்டீங்களா சார்?" என்று பரிவோடு வினவினார். நாணம் வந்தது, ஆயினும் மறுநாளும் சென்றோம். நாள்தோறும் சிறிது, வார இறுதியில் சற்றே கூடுதல் எனத் தூரத்தை வளர்த்தோம். ஐந்து திங்களில் பதினாறு கிலோமீட்டர் கைகூடியது.

காலாப்பட்டிற்கு அருகே, மேற்கிலுள்ள மேட்டு நிலத்தில் ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அப்பகுதி மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகக் கிடந்தது. பின்னர் மரம் நட்டு, வரப்பெடுத்து, நீரைத் தேக்கிக் காடாக்கினர். அக்காட்டின் செம்மண் தடங்களில், 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் தொடங்கியது. பரிசுக்காக அன்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுதல் என்பது அதன் கொள்கை. அவ்வோட்டத்திற்கே எம் பெயரைப் பதிந்தோம்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரமாகிய 42.195 கிலோமீட்டர், 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்று, 1921இல் நிலையான அளவாக வரையறுக்கப்பட்டது. அதன் பாதியே யாம் ஓடவேண்டிய 21.0975 கிலோமீட்டர்.

இருள் பிரியும் வேளையில் கூட்டத்தோடு புறப்பட்டோம். கூட்டத்தின் வேகம் எம்மை இழுத்துச் சென்றது; இழுப்புக்கு இசைந்ததே யாம் செய்த பிழை. ஐந்து கிலோமீட்டர் வரை யாமும் வீரரே. பதினான்காவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இறுகிக் கல்லானது. தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை அளவானது. விரைந்து ஓடுவோர் அதை விரைந்து செலவழிப்பர். வியர்வையோடு உப்பும் வெளியேறும். இவற்றையெல்லாம் ஏட்டில் படித்திருந்தோம். அன்று கால்கள் படித்தன. திருவள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருள், பல்லாண்டு வகுப்பில் பாடம் சொல்லியும் விளங்காதது, அச்செம்மண் தடத்தில் விளங்கிற்று.

மரத்தடியில் நின்றுவிட்டோம். அப்போது அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், தொடக்கத்தில் எம்மால் பின்தள்ளப்பட்டவர், அதே சீரான நடையில் ஓடி வந்தார். "நடந்தாவது வாங்க தம்பி, நின்னுடாதீங்க" என்று கூறி எம்மைக் கடந்தார். நடந்தோம். தொண்டர்கள் தந்த வாழைப்பழமும் உப்பிட்ட நீரும் உயிர் தந்தன. பின்னர் ஓட்டமும் நடையுமாகச் சென்று, மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலாக எல்லையை அடைந்தோம். எமக்கு முன் எத்தனை பேர் வந்தனர் என்று எவரும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. முப்பது ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த முள் அன்று கழன்றது.

மறுநாள் தேநீர்க் கடைப் பெரியவர், "எத்தனையாவதா வந்தீங்க சார்?" என்றார். "முடித்து வந்தேன் ஐயா" என்றோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்தவர், "அப்போ நான்கூட வரலாம் போலிருக்கே!" என்றார்.

இச்சொல்லையே நம் கல்வி நிறுவனங்களின் முன் வைக்க விழைகிறோம். போட்டி வேண்டா என்பது எம் கருத்தன்று. விரைந்தோடும் ஆற்றலுடையோர் பரிசு பெறட்டும். ஆனால், விளையாட்டு விழாவில் வரிசையெண் இல்லாத நெடுந்தூர ஓட்டம் ஒன்றும் இடம்பெறுதல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அலுவலரும் அவரவர் வலிமைக்கேற்ப ஓடியோ நடந்தோ முடிக்கட்டும். பெரியோரும் மருத்துவர் ஆலோசனை பெற்று உடன் வரலாம்.

மாணவியர் பக்கமும் நம் பார்வை திரும்புதல் வேண்டும். ஆடவர் மாரத்தான் ஒலிம்பிக்கில் 1896இலேயே இடம்பெற்றது. மகளிர்க்கு அவ்வாய்ப்பு 1984இல்தான் கிட்டியது. நீண்ட தூரம் ஓடப் பெண்ணுடல் தாங்காது என்ற தவறான எண்ணமே தடையாக நின்றது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவ்வோட்டத்தை வென்ற சிஃபான் ஹசன், தலையை மறைக்கும் ஆடையோடு மேடையேறிப் பதக்கம் பெற்றார். நம் பிள்ளைகளுக்கும் மைதானத்தில் தனி நேரமும், பாதுகாப்பும், பயிற்றுநரும் தருதல் இயலாத செயலன்று. பெற்றோர் தயங்கினால், அன்னையரையும் உடன் அழைக்கலாம். சர்க்கரை நோய் அவர்களையும்தான் தேடி வருகிறது.

பந்தலின் கீழ் அமர்ந்து கைதட்டும் அப்பெருங்கூட்டத்தில், என்றோ ஒருநாள் கடைசியாக வந்து, சிரிப்புக்கு அஞ்சி ஒதுங்கிய ஒருவன் இருப்பான். அவனைக் கைப்பிடித்துத் தடத்திற்கு அழைத்து வருவோம். முந்துவது சிலர்க்கே வாய்க்கும். முடிப்பது யாவர்க்கும் கைகூடும்.