பழைய செயின்சாவுக்கு பவர் ஏத்துற மகராசன்களே...

கொஞ்சம் காட்டமான பதிவு. நீளமும் ஜாஸ்தி. மனசு சங்கடப்படுறவங்க இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம் :-)

ஊர்ல மரம் அறுக்கிற மெஷின்னு சொல்றோமே, அந்த செயின்சாவைப் பத்தித்தான் இன்னைக்கு. பழசை வாங்கிப் பிரிச்சு, பார்ட்ஸ் தேடி அலைஞ்சு, மறுபடி ஓட விடுறதுதான் என் பொழுதுபோக்குன்னு இந்தப் பக்கம் அடிக்கடி வர்றவங்களுக்குத் தெரியும். அதனால யாராவது ‘ஒரு பழைய மெஷினை சூப்பரா ரெடி பண்ணிருக்கேன், வந்து பாருங்க’ன்னு கூப்பிட்டா உடனே ஓடிடுவேன். சமீபத்துல அப்படிப் போய்ப் பார்த்தது நாலு மெஷின். நாலுலயும் புது பிஸ்டன், புது ரிங். ரெண்டுல சைலன்சரை ஓட்டை போட்டு அகலப்படுத்தியிருந்தாங்க. ஒண்ணுல சிலிண்டரையே பெருசா மாத்தியாச்சு. சத்தம் நாலு தெரு கேக்குது. எல்லாம் சரி. நாலுல மூணுல செயின் பிரேக் இல்லை.

இல்லைன்னா பழுதாயிருக்குன்னு அர்த்தம் இல்லீங்க. கழட்டியே எறிஞ்சாச்சு. கேட்டா, ‘அது சும்மா சும்மா புடிச்சுக்குது சார், வேலை ஓட மாட்டேங்குது’ன்னு பதில்.

இதுக்குப் பேரு ரீபில்டாம். அப்கிரேடாம். என்னைக் கேட்டா இது மெஷினை ரெடி பண்றது இல்லை. அடுத்து அதைப் புடிக்கப் போறவனை ஆஸ்பத்திரிக்கு ரெடி பண்றது.

பழசை நோண்டவே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்லை. ‘இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒரு 58 சிசி சைனா மெஷின் வாங்கிக்க’ன்னு சொல்றவங்களோட தனியா ஒரு சண்டை பாக்கி இருக்கு. பழைய நல்ல மெஷின்ல கிராங்க்கேஸ் மெக்னீசியம். நட்டு போல்ட்டு எல்லாம் திரும்பத் திரும்பக் கழட்டி மாட்ற மாதிரி பண்ணினது. ஒழுங்கா பாத்துகிட்டா இன்னொரு தலைமுறை ஓடும். பவர் ஏத்துறதுக்கும் நான் எதிரி இல்லை. என்கிட்ட இருக்கிற ஹஸ்க்வர்னா 61-ல 272-ஓட சிலிண்டரும் பிஸ்டனும்தான் இப்ப உக்காந்திருக்கு.

விஷயம் தெரியாதவங்களுக்காக: 61, 268, 272 மூணும் ஒரே குடும்பம். பிஸ்டன் மேலேயும் கீழேயும் போற தூரம் மூணுக்குமே 34 மிமீதான். மாறுறது சிலிண்டரோட விட்டம் மட்டும். 61-க்கு 48 மிமீ, 268-க்கு 50, 272-க்கு 52. கணக்குப் போட்டா 61.5 சிசி, 66.8 சிசி, 72.2 சிசி வரும். அதனால கிராங்க்கேஸை மாத்தாமலே மேல்பாதியை மட்டும் மாத்தி 17 சதவீதம் பெரிய இன்ஜின் ஆக்கிடலாம். உலகம் பூரா இந்த மெஷின் வச்சிருக்கிறவங்க பண்ற வேலைதான். ஆசைப்படுறதுல தப்பே இல்லை.

ஆனா அந்த பவர் எங்கே போகுதுன்னு யோசிச்சீங்களா? செயினுக்குப் போகுது. 3/8 பிட்ச் செயின், ஏழு பல் ஸ்ப்ராக்கெட். ஒரு சுத்துக்கு செயின் 13 சென்டிமீட்டருக்கு மேல நகரும். இன்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுத்து சுத்துனா, செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுது. அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஹைவேஸ்ல பஸ் போற வேகத்துல வரிசையா கத்தி ஓடுது, அதுக்கு ஒரு முழம் தள்ளி உங்க மூஞ்சி.

பாரோட மூக்கு இருக்கே, அதுல மேல் பாதி தெரியாத்தனமா ஒரு கிளையிலயோ கட்டையிலயோ பட்டா மெஷின் உதைக்கும். ஓடிகிட்டிருக்கிற பல்லு மரத்துல மாட்டிகிட்டு நிக்கும், அந்த வேகம் பூரா பாரைத் தூக்கி மேலேயும் பின்னாலயும் வீசும். வர்ற இடம் தோள், கழுத்து, முகம். ஒரு மனுஷன் நடந்ததை உணர்ந்து கையை அசைக்கவே கால் நொடி ஆகும். உதை அதுக்குள்ள முடிஞ்சு போயிரும். ‘நாங்கெல்லாம் இருபது வருஷமா புடிக்கிறோம், கை தெரியும் எங்களுக்கு’ன்னு சொல்றதெல்லாம் இங்கே செல்லாது. அனுபவம் மூக்கு எங்கேயும் படாம பாத்துக்க உதவும். பட்ட பிறகு அனுபவசாலிக்கும் புது ஆளுக்கும் அதே கால் நொடிதான்.

இதுக்காகத்தான் பிரேக் வச்சான். முன்னாடி இருக்கிற கை கார்டு மணிக்கட்டுல இடிச்சாலோ, இடிக்காமலே உதையோட வேகத்துல தானா சாய்ஞ்சாலோ, ஒரு ஸ்பிரிங் விடுபட்டு இரும்புப் பட்டையை கிளட்ச் டிரம்மைச் சுத்தி இறுக்கும். செயின் நின்னுரும். ஹஸ்க்வர்னா தன்னோட முதல் செயின்சாவை வெளியிட்டது 1959-ல. அதிர்வைத் தாங்குற அமைப்பு 1969-ல வந்துச்சு. தானா பிடிக்கிற பிரேக் 1973-ல. அதாவது அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே தீர்வு கண்டுபிடிச்ச பிரச்சனை இது. நம்ம ஆளுங்க ஸ்பானரை எடுத்து அதை 1973-க்கு முன்னாடி கொண்டு போயிடுறாங்க. அதுக்குப் பேரு அப்கிரேடுன்னா என்னத்த சொல்ல.

சரி, ‘சும்மா சும்மா புடிக்குது’ங்கிற புகாருக்கு வர்றேன். ஏன் புடிக்குதுன்னு பாத்தாங்களா? நான் பிரிச்சுப் பாத்தவரைக்கும் காரணம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, கவருக்குள்ள மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களி மாதிரி இறுகியிருக்கும், இல்லைன்னா லீவரோட பின்னு தேய்ஞ்சிருக்கும். மண்ணெண்ணெய்ல கழுவி, தேய்ஞ்சதை மாத்துனா முடிஞ்சது. இன்னொண்ணுதான் முக்கியம். செயின்ல ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கும். பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு தீர்மானிக்கிறது அதுதான். 3/8 செயினுக்கு அது பல்லை விட 0.65 மிமீ தாழ இருக்கணும். ‘வேகமா அறுக்கட்டும்’னு அரத்தைப் போட்டு அதை இஷ்டத்துக்கு ராவிடுறாங்க. பல்லு அளவுக்கு மீறிக் கடிக்குது, மெஷின் குதிக்குது, குதிக்கிறதைப் பாத்து பிரேக் புடிக்குது. பிரேக் உண்மையைச் சொல்லுது சாமி! செயினைத் தப்பா ராவியிருக்கன்னு சொல்லுது. நாம சொன்னவன் வாயை அடைக்கிறோம்.

இப்ப எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற விஷயத்துக்கு வரேன்.

இந்த மெஷினோட ஓனரு ஒருத்தர், அதைப் புடிக்கிற கை இன்னொருத்தர். மரம் வியாபாரியோ, மெஷின் வாடகைக்கு விடுறவரோ காசு போட்டு ரெடி பண்ணுவாரு. புடிக்கிறது தினக்கூலிக்கு வர்ற அண்ணன். லுங்கியை மடிச்சுக் கட்டிகிட்டு, ரப்பர் செருப்போட. பிஸ்டன் போச்சுன்னா ஓனருக்கு நஷ்டம், அதனால புது பிஸ்டன் வரும். சிலிண்டர் பெருசானா ஒரு நாளைக்கு ரெண்டு மரம் கூட விழும், ஓனருக்கு லாபம், அதனால பெரிய சிலிண்டரும் வரும். பிரேக் இல்லாததால போறது யாரோட கழுத்து? அதான் பிரேக் வர்றதில்லை. காசு இல்லைங்கிறதெல்லாம் கதை. பிரேக் பட்டை ஒண்ணோட விலை ஒரு செயினோட விலைகூட வராது.

2018 நவம்பர் 16 கஜா புயலை நினைச்சுப் பாருங்க. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தோப்பு தோப்பா தென்னை சாய்ஞ்சு கிடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துலதான் மூலையில கிடக்கிற மெஷின் எல்லாம் அவசர அவசரமா வெளியே வரும். சாய்ஞ்ச மரம் நிக்கிற மரம் மாதிரி இல்லை. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். எங்கே அறுத்தா எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. பாரோட மூக்கு எங்கே போய் முட்டும்னு கண்ணுக்கே தெரியாது. அதுலயும் தென்னை உள்ளே சோறு மாதிரி இருந்தாலும் வெளிப்பக்கம் கெட்டி, செயின் சீக்கிரம் மழுங்கும். மழுங்குன செயினோட, பிரேக் இல்லாத மெஷினோட, பொழுது சாயுற நேரத்துல களைச்சுப் போன ஒருத்தர் நிக்கிறாரு. அங்கே அவருக்குத் தேவை கூடுதல் பத்து சிசியா?

அடுத்தது அதிர்வு. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரப்பர் இருக்கும். பழைய மெஷின்ல அது கிழிஞ்சு, இல்லைன்னா பெட்ரோல் பட்டு உப்பிப் போயிருக்கும். ‘ஆடுது’ன்னு சொல்லி அந்த இடத்துல இரும்பு வாஷரை வச்சு டைட் பண்றதையும் என் கண்ணால பாத்தேன். வருஷக்கணக்குல அப்படிப் புடிச்சா விரல் வெளுத்து மரத்துப் போகும். குளிர்ல சட்டை பட்டன் போட முடியாது. முத்திப் போனா பழையபடி வராது. நாலு ரப்பர், ஒரு மணி நேர வேலை. இதுக்கும் மனசு வர்றதில்லை.

சரி, ‘எங்களுக்கு இன்ஜின்தான் முக்கியம்’னே வச்சுக்குவோம். அதையாவது ஒழுங்கா பண்றீங்களா? அதுவும் இல்லை. பிஸ்டன் ஏன் உரசிப் போச்சுன்னு பாக்காமலே புது பிஸ்டன். கிராங்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீல் வயசானா கல்லு மாதிரி ஆயிரும். அது வழியா காத்து உள்ளே இழுக்கும். காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சா, அதோட சேர்ந்து ஆயிலும் குறையும், ஏன்னா டூ ஸ்ட்ரோக்ல ஆயில் வர்றதே பெட்ரோல் வழியாத்தான். மெஷின் கீச்சுன்னு கத்தும். ‘பவர் ஏறிடுச்சு’ன்னு சந்தோஷப்படுவாங்க. அது பவர் இல்லீங்க, பிஸ்டன் வேகுற சத்தம். சீலை மாத்தாம பிஸ்டனை மாத்துனா மூணாவது மாசம் அதே பட்டறைக்கு அதே மெஷின் வரும்.

இன்னொரு கூத்து, சிலிண்டரைத் தூக்கிகிட்டு லேத் பட்டறைக்குப் போறது. ஆர்எக்ஸ் 100-ல போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பழக்கம். அதுல உள்ளே இரும்பு லைனர் இருந்துச்சு, போட்டீங்க. இது அலுமினியம் மேல மெல்லிசா முலாம் பூசுன சிலிண்டர். போர் போட்டா முலாம் போயிரும், சிலிண்டர் காலி. 2025-ல இருந்து நம்ம பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். பல கம்பெனி கையேடுல 10-க்கு மேல வேண்டாம்னு போட்டிருக்கான். பழைய டியூபும் டயாஃப்ரமும் அதுல கெட்டுப் போகும், எத்தனால் கூடுனா கலவையும் மெலியும். டியூப், டயாஃப்ரம் மாத்தி, கார்புரேட்டரைத் திரும்ப டியூன் பண்ணாம, மேல பெரிய சிலிண்டரை வச்சு என்ன பிரயோஜனம்?

ஆக, என் கட்சி இதுதான். பழைய மெஷினை எடுத்தா வரிசை இப்படி இருக்கணும்:

1. செயின் பிரேக், கை கார்டு. செயின் அறுந்தா பிடிக்கிற கொக்கி. ஸ்டாப் சுவிட்ச். ஆக்சிலேட்டர் லாக்.

2. அதிர்வு ரப்பர் எல்லாம்.

3. புது செயின், கூடவே புது ஸ்ப்ராக்கெட். தேய்ஞ்ச ஸ்ப்ராக்கெட் புது செயினையும் தின்னுரும்.

4. ஆயில் சீல், பெட்ரோல் டியூப், டயாஃப்ரம், காத்து கசியுதான்னு டெஸ்ட்.

5. இதெல்லாம் முடிஞ்சு கையில காசு மிச்சம் இருந்தா பெரிய சிலிண்டரோ, சைலன்சரோ, உங்க இஷ்டம்.

இன்னைக்கு நடக்கிறது அஞ்சுல ஆரம்பிச்சு அஞ்சுலயே முடியுது. உண்மையைச் சொல்லணும்னா, கூர்மையா அரம் போட்ட செயின் மாட்டின சாதாரண 61, மொக்கை செயின் மாட்டின 272-வை முந்திடும். பவர் வேணுங்கிறவங்களுக்கும் முதல் செலவு அரம்தான்.

‘இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சட்டம், நம்ம ஊருக்கு ஒத்து வராது’ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். ஏன், நம்ம ஊரு கழுத்து வேற கழுத்தா? ஆயுத பூஜை அன்னைக்கு அதே மெஷினைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டுக் கும்பிடுறோம். அந்தப் பொட்டு வைக்கிற கையாலேயே பிரேக் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்தா என்ன கொறஞ்சு போயிடும்?

பாக்கிறது ரொம்ப சுலபம். இன்ஜினை அணைச்சிட்டு, பிரேக்கை விடுவிச்சுட்டு, பார் மூக்கு ஒரு மரக்கட்டைக்கு ஒரு முழம் மேல இருக்கிற மாதிரி மெஷினைப் புடிங்க. பின் கைப்பிடியை மட்டும் புடிச்சுகிட்டு முன் கையை விட்டுடுங்க. மூக்கு கட்டையில இடிச்ச உடனே ‘டக்’குனு பிரேக் விழணும். விழலைன்னா அந்த மெஷினை யார் கையிலயும் குடுக்காதீங்க. உங்க பையன் கையில குடுப்பீங்களான்னு யோசிச்சுகிட்டு கூலிக்கு வந்தவர் கையில குடுங்க.

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. பிரேக் பட்டை வித்து எனக்கு எதுவும் வராது. திட்டணும்னு தோணுறவங்க தாராளமா திட்டலாம், ஆனா முதல்ல உங்க மெஷின்ல பிரேக் இருக்கான்னு பாத்துட்டு வந்து திட்டுங்க.